பால் வண்டியில் வந்த நாலு கோடு

தர்மபுரி மாவட்டத்தில் எந்த மரத்தடியில் நின்றால் போனில் எத்தனை கோடு டவர் கிடைக்கும் என்பது இரண்டே பேருக்குத்தான் முழுசாகத் தெரியும். ஒருவர் கடவுள். இன்னொருவர் எங்கள் நாலு கோடு. கடவுளுக்குச் சந்தேகம் வந்தால் நாலு கோட்டைத்தான் கேட்டுக்கொள்வார் என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் கடத்தூர் பக்கம் நான் வேலை பார்த்த பால் குளிரூட்டும் நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "எப்படி இருக்கீங்கண்ணா?" என்று கேட்டால், "நாலு கோடுங்க" என்பார். ஜலதோஷம் பிடித்திருந்தால் மூன்று கோடு. ஒருமுறை வாந்தி பேதியாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாங்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். பேச முடியாமல் ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர், மனுஷன் ஒரு மணி நேரம்தான் தாங்குவேன் என்று சொல்கிறாரோ என்று பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

உடம்புக்கு மட்டுமில்லை, உலகத்தில் எதற்குமே அவரிடம் இதுதான் அளவு. கேன்டீன் சாம்பார் இரண்டு கோடு. எங்கள் மேனேஜர் ஒன்றரைக் கோடு, அதுவும் வந்து வந்து போகும். எனக்கு எத்தனை என்று ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நீங்க நல்ல டவருங்க சார். மழ பேஞ்சாதான் கொஞ்சம் கொறையறீங்க" என்றார். மழைக்காலத்தில் நான் வேலைக்கு மட்டம் போடுவதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

அவர் எங்கள் பால் வண்டி டிரைவர். ஊர் ஊராகப் போய்ப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்க வேண்டும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மற்ற டிரைவர்கள் வண்டியில் சாமி படம் வைக்கும் இடத்தில் இவர் சைக்கிள் டியூபை வெட்டி, மூன்று போன்களை வரிசையாகக் கட்டியிருந்தார். மூன்று போனிலும் மூன்று கம்பெனி சிம். கம்பெனிகளின் பெயரைச் சொல்லமாட்டார். மூன்று மச்சான்களைப் பற்றிப் பேசுவதுபோல் பெரியவரு, நடுலவரு, சின்னவரு என்பார். சாமி படம் கதவோரம் ஒதுங்கியிருந்தது. சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டதற்கு, "சாமிக்கு எதுக்குங்க டவரு?" என்று திருப்பிக் கேட்டார்.

வண்டிச் சீட்டுக்கு அடியில் நீளநீளமான நோட்டுகள் இருக்கும். ஊர், இடம், மூன்று கம்பெனிக்கும் தனித்தனியாக எத்தனை கோடு, டூ ஜியா ஃபோர் ஜியா ஃபைவ் ஜியா, கடைசியில் குறிப்பு என்று கட்டம் போட்டு எழுதியிருப்பார். அந்தக் குறிப்புகளை நான் கதைப் புத்தகம் மாதிரி படித்திருக்கிறேன். "வேப்பமரத்துக்கு மேற்கே ஏழடி வரை பெரியவர், எட்டாவது அடியில் காலி." "முகூர்த்த நாளில் மண்டபக் கூட்டத்தால் குறையும்." "எருமை குறுக்கே நின்றதால் சரியாகப் பார்க்க முடியவில்லை, நாளை மறுபடியும்." நாளை மறுபடியும் என்று எழுதினால் மறுநாள் போய்ப் பார்த்தும் இருப்பார்.

இதில் உங்களுக்கு என்னண்ணா லாபம் என்று ஒருநாள் கேட்டேன். கிரிக்கெட் பார்க்கிறவனிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்கிறார்களா என்றார். அன்றோடு நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

கம்பெனிக்காரர்களின் கஸ்டமர் கேருக்கு அவர் போன் போடுவதைக் கேட்பதற்காகவே நாங்கள் டீ வேளையைத் தள்ளிப்போடுவோம். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, அரூர் ரோட்டில் எந்த டவர் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதை எவ்வளவு திருப்பினால் யாருக்கு நல்லது என்று அரை மணி நேரம் பாடம் எடுப்பார். அந்தப் பெண்ணும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கும். "எனக்கு வேணாம்மா. உங்களுக்கு ஏதாச்சும் தெரியணும்னா கூப்புடுங்க" என்று சொல்லி வைப்பார்.

இந்தப் பைத்தியம் எங்களை ஒருமுறை வசமாக மாட்டிவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு புது டவரை அன்றைக்கு முடுக்கப்போகிறார்கள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கேன் நிறையப் பாலோடு வண்டியை அந்த டவருக்கு அடியில் நிறுத்திக்கொண்டு, மூன்று போனையும் கையில் பிடித்தபடி இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். சித்திரை வெயில். நிலையத்துக்கு வந்து மூடியைத் திறந்தால் பால் அத்தனையும் திரிந்துபோய்க் கிடக்கிறது. மேனேஜர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இவரோ சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாயை எடுத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார், மேனேஜருக்கும் சேர்த்து.

"டவரு பொறந்திருக்குதுங்க. பொறந்தத பாக்காம எப்பிடிங்க வர்றது?"

அதைவிட மோசம் நல்லம்பள்ளியில் நடந்தது. அவருடைய மனைவியின் பெரியப்பா இறந்துபோன வீடு. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கிறார்கள். இவர் தலையைக் குனிந்தபடிதான் உட்கார்ந்திருந்தாராம். ஆனால் குனிந்த தலைக்கு நேர் கீழே போன் இருந்தது. திடீரென்று முகம் மலர்ந்து எழுந்தவர், செத்தவரின் மூத்த மகனிடம் போய், மாமா போன நேரம் நல்ல நேரம், இந்த வீட்டுக்கு இப்போதுதான் ஃபைவ் ஜி வந்திருக்கிறது என்று காதில் சொல்லிவிட்டார். அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வண்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். மாமனார் வகையறாவில் ரொம்ப நாளைக்கு அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இத்தனைக்கும் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? ஊர் உலகத்துக்கெல்லாம் டவர் சொன்ன அந்த மனுஷன் வீட்டில் டவர் கிடையாது. பெரியவர், நடுலவர், சின்னவர் மூவரில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அவருடைய ஊர் பள்ளக்கொட்டாய். பேருக்கேற்றபடி, சுற்றிலும் கரடு என்கிற பாறைக் குன்றுகள் இருக்க, நடுப் பள்ளத்தில் முப்பது வீடுகள். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே மகள் வடக்கே ஏதோ ஒரு பெரிய ஊரில் நர்ஸாக இருந்தாள். இரவு டியூட்டி முடிந்து அவள் அறைக்கு வருவது காலை ஏழரை மணிக்கு. அந்த நேரத்தில் பேசினால்தான் உண்டு. அதற்கப்புறம் தூங்கிவிடுவாள். ஆனால் ஏழரை மணிக்கு நாலு கோடு வண்டியோடு எங்கேயோ ஒரு ஊரில் கேன் ஏற்றிக்கொண்டிருப்பார். அக்கா போனை எடுத்துக்கொண்டு ஊருக்கு மேலே இருக்கும் மேட்டில் ஏறவேண்டும். அங்கே மட்டும் பெரியவர் ஒரு கோடு காட்டுவார். அக்காவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. ஏறுவதற்கு இருபது நிமிஷம், மகள் முகத்தைப் பார்ப்பது பத்து நிமிஷம். மழை பெய்தால் அதுவும் இல்லை.

"எனக்கு மாடி வேணாம், நக வேணாம் தம்பி. அடுப்படியில நின்னுக்கிட்டு அவ மூஞ்சிய பாக்கணும், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் டவர் அளக்கறாரு, இது மட்டும் அவரால முடியல பாருங்க" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். பக்கத்தில் நின்ற நாலு கோடு வண்டி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் பெரியவர் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தார். அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு புது டவர் போடப்போகிறார்களாம். பள்ளக்கொட்டாயில் போடுவதா, கரட்டுக்கு அந்தப் புறம் இருக்கும் கரட்டுக்கொட்டாயில் போடுவதா என்று பார்க்க வந்திருந்தார். ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை அவர்களே அளந்திருந்தாலும், வருஷக்கணக்காக ஒருவர் தினமும் எழுதி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு எங்கள் நிலையத்துக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார். நாலு கோடு கண்கலங்கிப் போனார். அவர் வாழ்க்கையிலேயே அந்த நோட்டை முதன்முதலாக ஒருவர் கேட்டு வாங்கினார்.

அக்கா விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஆளுக்கு வீட்டில் நாட்டுக்கோழி விருந்து. என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் கைகழுவப் போனபோது பின்னாலேயே வந்து, அவர் ஏதாவது ஏடாகூடமாகப் பேசினால் நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்று காதோடு சொன்னார். நானும் தலையாட்டினேன்.

சாப்பிட்டு முடித்ததும் நோட்டு வந்தது. கரட்டுக்கொட்டாய் பக்கம் திறந்தது. நாலு வருஷமாக மூன்று கட்டத்திலும் சுழி, சுழி, சுழி. குறிப்பில், "ஆம்புலன்சுக்குச் சொல்ல ஒன்றரை கிலோமீட்டர் ஓட வேண்டும்" என்று இருந்தது. அதற்குக் கீழே வேறு பேனாவில், "ஓடினார்கள்" என்று மட்டும் எழுதியிருந்தது.

கம்பெனி ஆள் நிமிர்ந்து, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார்.

அக்கா ரசச் சட்டியும் கரண்டியுமாக நின்றுகொண்டிருந்தார். நான் நாலு கோட்டின் காலை மிதிக்கத் தயாராக என் காலை நகர்த்தி வைத்திருந்தேன். இங்கேயும் ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும். வீட்டுக்குள் நிஜமாகவே ஒன்றுமில்லை. பொய்கூட இல்லை அது. மேட்டைப் பற்றி வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவே.

அவர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் நோட்டைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல மேட்டு மேல ஒரு கோடு இருக்குதுங்க. கரட்டுக்கொட்டாயிலதாங்க எங்க நின்னாலும் ஒண்ணுமில்ல. அங்கயே போட்டுடுங்க."

அக்கா உள்ளே போய்விட்டார். ரசமும் உள்ளே போய்விட்டது.

எனக்கு அப்போது கோபம் வந்தது உண்மை. திரும்பி வரும்போது கோபம் என் மேலேயே திரும்பியது. என் வேலை என்ன? பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதுவது. அதை வைத்துத்தான் பாலுக்கு விலை. ஒரு புள்ளி கூட்டிப் போடச் சொல்லி என்னிடம் கெஞ்சாத ஆளில்லை. யாருக்கும் போட்டதில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் என் மச்சான் கொண்டுவந்த பாலுக்கு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். மீட்டர் சொல்வதை அப்படியே எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்தார்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் அவருடைய சாப்பாட்டுத் தூக்கில் வெறும் களி மட்டும் வந்தது. குழம்பு கிடையாது. வீட்டில் எத்தனை கோடண்ணா என்று கேட்டேன். "நோ சர்வீஸுங்க சார்" என்று சொல்லிவிட்டு, களியை எங்கள் கேன்டீன் சாம்பாரில் தோய்த்துத் தின்றார். சாம்பாருக்கு அன்றைக்கு மூன்று கோடு கொடுத்தார்.

கரட்டுக்கொட்டாயில் டவர் எழுந்தது. அது வேலை செய்யத் தொடங்கிய நாளில் மேனேஜரே அவருக்கு லீவு கொடுத்துவிட்டார், பாலைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல். ஆனால் அவர் கரட்டுக்கொட்டாய்க்குப் போகவில்லை. தன் வீட்டிலேயே நின்றுகொண்டார். கூரை மேல், மாட்டுக்கொட்டகையில், கிணற்று மேட்டில், கோழிக் கூண்டுக்குப் பின்னால் என்று அடி அடியாக மூன்று போனோடு தேடினார். கரட்டில் எங்கேயாவது ஒரு சந்து வழியாகப் புது டவர் தன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடியிருக்கிறார். தெருவில் போனவர்கள் ஏதோ நகை காணாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கடைசியில் கிடைத்தது. பின்வாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், இரண்டடி அகலத்துக்கு.

ஒரு மாதம் கழித்து அக்காவே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். காலை ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே சமையலறை காலியாகக் கிடந்தது. அடுப்பில்லை, பாத்திரமில்லை. பின்பக்கமாகக் குரல் கேட்டுப் போனால், துவைக்கிற கல் இருந்த இடத்தில் தகரம் வேய்ந்து, மேடை கட்டி, கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் மனுஷன். மேடைக்கு மேலே சைக்கிள் டியூபில் ஒரு போன் கட்டியிருந்தது. அதில் மகள் நர்ஸ் உடுப்போடு உட்கார்ந்து தலையைப் பின்னிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். அக்கா தோசைக்கரண்டியை ஆட்டி ஆட்டி, இளைத்துவிட்டாய் என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"டவர வூட்டுக்குள்ள கொண்டாற முடியலீங்க தம்பி. அதனால அடுப்பக் கொண்டாந்துட்டாரு" என்றார் என்னிடம். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நாலு கோடு காலை நடையில் இருந்தார். பழைய நடைகளை எழுதிய நோட்டு ஒன்று தகரத்து இடுக்கில் செருகியிருந்தது. பழக்க தோஷம், எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. ஊர்: பள்ளக்கொட்டாய். இடம்: எங்க வூட்டு அடுப்படி. பெரியவர் ஒரு கோடு, மற்ற இருவரும் இல்லை. கேன்டீன் சாம்பார் முதல் மேனேஜர் வரை எதிலும் திருப்தி அடையாத அந்த மனுஷன், குறிப்பு என்ற கட்டத்தில், "போதும்" என்று எழுதியிருந்தார்.

நோட்டை இருந்த இடத்திலேயே செருகினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அக்கா பார்த்துவிட்டார். புகை என்று சொல்லிச் சமாளித்தேன். கேஸ் அடுப்பில் ஏது புகை?