ஆற்றுவாழை அளவெடுப்பு

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் விழுவதற்குச் சற்று முன்னால், மூதூர்ப் பக்கத்துக் கரையில், ஆதம்பாவாவின் தோணி நீரை மூடிப் படர்ந்த ஆற்றுவாழைச் செடிக்குள் அகப்பட்டு அசையாமல் கிடந்தது. ஊதாப் பூக்களுக்கு நடுவே பார்க்க அழகாகத்தான் இருந்தது. திருகோணமலையிலிருந்து கல்யாணச் சோடிகள் வந்து, அந்தத் தோணியில் சாய்ந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆதம்பாவாவுக்கு மட்டும் மீனுக்குப் போக ஏலாமல் இருந்தது.

அவர் நீர்த்தாவர முகாமைத்துவப் பணிமனையில் முறையிட்டார். ஒரு தாவரத்தை அகற்றுவதற்கு முன், அது அங்கே இருக்கிறதா என்பதை விஞ்ஞான ரீதியாக உறுதிப்படுத்த வேண்டும் என்ற உயரிய கொள்கையின்படி, கள உத்தியோகத்தர் ரிப்கா அனுப்பப்பட்டாள்.

ரிப்கா வேலைக்குப் புதியவள். அந்த மனுசனுக்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று மனதார நினைத்துத்தான் பஸ்ஸால் இறங்கினாள்.

பணிமனையின் சுற்றுநிருபமோ, ஆழங்குறைந்த நீரிலுள்ள தாவரங்களை மட்டுமே அளவெடுக்கலாம் என்றது. ஆழங்குறைந்த நீர் என்றால், அளவெடுக்கும் உத்தியோகத்தரின் முழங்காலைத் தாண்டாத நீர். ரிப்கா ஆற்றில் இறங்கினாள். தண்ணீர் தாண்டிவிட்டது. உதவிப் பணிப்பாளர் பேணாட்டுக்குப் போன் எடுத்தாள்.

"தாண்டினால் அது ஆழமான நீர், பிள்ளை. எங்கட பிரிவு இல்லை" என்றார் அவர்.

"சேர், எட்டிப் பிடிச்சால் செடி கையில வருது."

"செடி வரும். அதிகாரம் வராது."

கரையில் நின்ற ஆதம்பாவா, "மிஸ், கொஞ்சம் உயரமான ஆளை அனுப்பச் சொல்லுங்களேன்" என்றார்.

கந்தோரில் பேணாட்டைவிட உயரமானவர் இல்லை. ஆகவே பேணாட்டே எழுந்தருளினார். அழுத்தின காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கியவரைச் சேறு மெதுவாக உள்ளே இழுத்தது. தண்ணீர் முழங்காலைக் கடந்து இடுப்புக்கு வந்தது.

"ரிப்கா, ஆறு ஆழமா, இல்லாட்டி நான் தாழுறேனா?"

ரிப்கா சுற்றுநிருபத்தைப் புரட்டினாள். மேலதிகாரி தாழ்கிறார் என்று கீழே உள்ளவர் அறிவிப்பதற்கு நடைமுறையில் இடமில்லை. ஆதம்பாவாதான் தோணியிலிருந்து ஒரு பலகையைக் கழற்றிப் போட்டார். பலகையில் ஏறி நின்ற பேணாட்டின் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் அடக்கமாக நின்றது. அந்தக் கணமே மகாவலி ஆழங்குறைந்தது எனப் பிரகடனப்படுத்தப்பட்டது.

அளவெடுப்புத் தொடங்கியது. ஆதம்பாவா கத்தியோடு வந்தார்.

"இனிக் கொஞ்சம் வெட்டி வழி எடுக்கட்டா, மிஸ்?"

"ஐயோ ஆதம்பாவாக் காக்கா, அளவெடுத்து முடியுமட்டும் ஒரு இலையும் பிய்க்கக் கூடாது. கணக்குப் பிழைச்சுப் போகும்."

"எப்ப முடியும்?"

"செடி வளர்றதை நிப்பாட்டினதும்."

சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த முனையை அளந்து முடிப்பதற்குள் அந்த முனை பெருத்துவிடும். திரும்பவும் அளப்பார்கள். ஆதம்பாவா மச்சானின் வயலுக்குக் கூலிக்குப் போனார். ஒருநாள் அவருடைய மனைவி மைமூனா ரிப்காவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க மிஸ். எங்கட வீட்டில இப்ப மீன் வாசமே இல்லை, தேத்தண்ணி நல்லா மணக்கும்."

ரிப்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தாள்.

அப்புறம் மழை பிடித்தது. மேலே குளங்களைத் திறந்துவிட்டார்கள். ஒரே காலையில் வெள்ளம் அவ்வளவு செடியையும் வாரிக்கொண்டு கடலுக்குள் போட்டது. தண்ணீர் வடிந்ததும் ஆதம்பாவா கூவிக்கொண்டு, கரை மரத்தில் கட்டியிருந்ததால் தப்பிய தோணியைத் தள்ளினார். ரிப்கா கரையில் நின்று கைதட்டினாள்.

பேணாட் மட்டும் பணிமனைக் கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இடைக்கால அறிக்கையில செடி இருக்கு. அகற்றக் காசும் ஒதுக்கி வந்திட்டுது. ஆத்தில செடி இல்லை. கணக்காய்வுக்காரர் வந்தால் என்ன சொல்றது?"

"வெள்ளம் கொண்டு போனதெண்டு சொல்லுவம், சேர்."

"வெள்ளத்துக்கு ஆர் அனுமதி குடுத்தது?"

பேணாட் ஓர் உத்தரவு எழுதினார். கந்தளாய்ப் பக்கத்துக் குளமொன்றிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஆற்றுவாழை வந்து இறங்கியது. அதை ஆற்றில் விட்டு, வளர்த்து, முறைப்படி அகற்ற வேண்டும்.

"அநியாயம், சேர்."

"அநியாயமில்லை. மீளமைப்பு."

ரிப்காவின் நிரந்தர நியமனம் அவருடைய கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. அவள் செடிப் பெட்டியோடு ஆற்றங்கரைக்குப் போனாள். ஆதம்பாவா துடுப்போடு அடிக்க வருவார் என்று பயந்துகொண்டுதான் போனாள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"செடி போடக் கூலிக்கு ஆள் எடுக்கிறீங்களாம்? பிறகு இழுத்துப் போடவும் ஆள் வேணும்தானே?"

"உங்கட தோணி, காக்கா?"

"அது எங்க போகப்போகுது? இதில நீரோட்டம், செடி நிக்காது. அங்கால நெருக்கமாப் போடுங்க."

மைமூனாவும் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். வேலை பாதி நடக்கும்போதே அக்கரையிலிருந்து ஒரு தோணி விரைந்து வந்தது. நிறைய ஆட்கள். முன்னால் நின்ற அன்ஸார் என்பவர் கரைக்கு வரமுன்னமே கத்தினார்.

"இவங்கட கரைக்கு மட்டும் செடியா? நாங்க மனுசரில்லையா? பாகுபாடு காட்டாதீங்க மிஸ்!"

"கோவிக்காதீங்க" என்றாள் ரிப்கா. "இன்னும் ஒரு பெட்டி வருது. அது முழுக்க உங்களுக்குத்தான்."

அக்கரைக்காரர் ஆரவாரம் செய்தார்கள். பொதுமக்கள் கேட்டதை அன்றைக்கே கொடுக்க முடிந்த பூரிப்பில் ரிப்காவுக்குக் கண் கலங்கியது.