இறால் கம்பெனிக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற வகையில்

கோவளம்,
18-8-1973

பெருமதிப்பிற்குரிய மச்சான் தாண்டவராயன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சாந்தாவின் கணவன் சிவப்பிரகாசம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சாந்தாவும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. அங்கு தங்கள் வீட்டில் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். திட்டம் போடுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு குறையும் வருவதில்லை.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை உள்ளூர் முதலாளிகளிடம் கூட்டிப்போய், என்னென்ன வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன படிக்க வேண்டும் என்று கண்ணால் பார்க்க வைக்க வேண்டும் எனச் செங்கற்பட்டு ஆபீசில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினீர்களே, அந்தச் சுற்றறிக்கை எங்கள் பள்ளிக்கும் வந்தது. தலைமையாசிரியர் வெங்கடராகவன் அதைப் படித்துவிட்டு, "உம்ம மச்சினன் போட்ட ஸ்கீம் ஓய், நீரே கவனியும்" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பூகோள வாத்தியாரான நான் அன்றிலிருந்து முதலாளிகளைத் தேடி சைக்கிள் மிதித்தேன். மகாபலிபுரத்தில் ஒரு ஓட்டல் மானேஜர், "வெள்ளக்காரங்க வர்ற எடம் சார், நம்ம பசங்க கும்பலா நின்னா பிச்சைக்கு வந்துட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு அரிசி ஆலை முதலாளி, "எம் புள்ளையவே நான் மில்லாண்ட விடறதில்ல, படிக்கட்டும்னு" என்று கதவைச் சாத்தினார். கடைசியில் நம்மூர் இறால் கம்பெனி முத்துசாமியிடம் போனேன். அவர் எழுந்து நின்று காபி வரவழைத்து, "எப்ப சார் அனுப்புறீங்க? நாளைக்கே வரட்டுமே, நானே லாரி அனுப்பறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். வீட்டில் வந்து சொன்னால் சாந்தா, "அந்த ஆளு தானா லாரி அனுப்புறானா? எதுக்குங்க?" என்றாள். சொந்த அண்ணன் போட்ட திட்டத்தில் நம்பிக்கையில்லாதவள் என்று அவளைத் திட்டினேன். இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் லாரியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன். கம்பெனி வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு சிவப்புக் கொடி. நம்மை வரவேற்கத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்து, லாரியிலிருந்து கையை ஆட்டினேன். பதிலுக்கு ஒரு மீன்கூடை பறந்து வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அன்று விடியற்காலையிலிருந்து அங்கே வேலைநிறுத்தம், நோட்டீஸ் முன்பே முத்துசாமி கைக்குப் போயிருந்ததாம். முன்வரிசையில் இருந்த காசியம்மாள் எழுந்து ஓடிவந்தாள். என் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பூவாயியின் தாய் அவள். "இன்னா வாத்யாரே! உள்ள போவமாட்டோம்னு நாங்க வெயில்ல குந்திகினு கீறோம். நீ எம் பொண்ணையே இட்டுகினு போயி எங்க வயித்துல அடிக்கிறியா?" என்று கத்தினாள். நான் பதில் சொல்வதற்குள் லாரி உள்ளே போய்விட்டது, வாசல் கேட்டும் மூடிக்கொண்டது.

உள்ளே முத்துசாமி, "தொழில்னா கையால செஞ்சி பாக்கணும் சார், வேடிக்க பாத்தா வருமா?" என்று சொல்லி, ஆளுக்கொரு தொட்டி முன்னால் நிறுத்தினார். தொட்டி நிறைய ஐஸ் தண்ணீர், அதில் இறால். தலையைக் கிள்ளி எறிய வேண்டும். எனக்கும் ஒரு தொட்டி கொடுத்தார். பி.ஏ., பி.டி. படித்த கை, தலைமுறை தலைமுறையாகச் சைவம் சாப்பிட்ட கை, அதுவும் கிள்ளியது, மச்சான். கொஞ்ச நேரத்தில் விரல்களில் உணர்ச்சி இல்லை. பிள்ளைகளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. உட்கார ஒரு முக்காலி கிடையாது. வெளியே இருந்த பெண்கள் கேட்டதெல்லாம் அதுதானாம். உட்கார முக்காலி, ஒதுங்க ஒரு கக்கூஸ்.

மத்தியானம் முத்துசாமி, உங்கள் சுற்றறிக்கையில் சொன்னபடியே, "தொழிலப் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார். பூவாயி கையைத் தூக்கினாள்.

"சார், கக்கூஸ் எங்க கீது?"

மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "அதோ சவுக்குத் தோப்பு கீதே" என்றான்.

"மொதலாளியும் அங்கதான் போவாரா?"

"என் ரூம்ல ஒண்ணு இருக்கு, அது ஆபீஸ் ஆளுங்களுக்கு" என்றார் முத்துசாமி.

"அந்த ஆபீஸ் வேலைக்கு இன்னா படிக்கணும் சார்?"

மச்சான், உங்கள் திட்டத்தின் நோக்கத்தை மாவட்டத்திலேயே சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேரே கேட்டைத் திறந்து போய், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கடைசியாக நானும் போனேன், கை கழுவ நல்ல தண்ணீர் கிடைக்காமல்.

வேலைநிறுத்தத்தைத் தூண்டிவிட்டேன் என்று முத்துசாமி பள்ளிக்குப் புகார் கொடுத்திருக்கிறார். வேலைநிறுத்தத்தை உடைக்க ஆள் கூட்டிவந்தேன் என்று சங்கத்துக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஒரே நாளில் ஒரே ஆள் கலகக்காரனாகவும் கருங்காலியாகவும் ஆகியிருக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து வெங்கடராகவன் ஒரே மெமோவாகக் கொடுத்துவிட்டார், காகிதம் மிச்சம். கடைத்தெருவில் எவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நாவிதர் முடியைப் பாதி வெட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரே ஆறுதல் பூவாயி. "நான் காலேஜுல சேந்து வக்கீலுக்குப் படிக்கப் போறேன் சார்" என்று நேற்று வகுப்பில் எழுந்து சொன்னாள். அதைக் கேட்டதில் விரல் வலி கொஞ்சம் மறந்தது.

ஆகவே மச்சான், தயவுசெய்து இந்தத் திட்டத்தை ரத்து செய்யுங்கள். மெமோவை மூடச் சொல்லுங்கள். என்னை உத்திரமேரூர்ப் பக்கம், கடல் காற்று எட்டாத ஏதாவது ஒரு பள்ளிக்கு மாற்றுங்கள். குழந்தைகளுக்கு என் ஆசிகள். பெரியவர்களுக்கு நமஸ்காரம். திட்டம் ஏதும் எழுதாமல் நெடுங்காலம் நீங்கள் நலமோடு வாழ எல்லாம் வல்ல வேதகிரீசுவரரை வேண்டும்,

தங்கள் மைத்துனன்,
சிவப்பிரகாசம்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. முக்காலி கொடுத்துவிட்டார்கள். கக்கூஸ் பரிசீலனையில் இருக்கிறது. காசியம்மாளுக்கு விரலெல்லாம் புண், இனி ஐஸில் கை வைக்க முடியாது. இன்று காலை பூவாயி வீட்டுக்கு வந்தாள். "அம்மா எடத்துல நான் போறேன் சார். அன்னிக்கி நீங்க இட்டுகினு போனதால எனக்குக் கை பழகியிருக்குன்னு மொதலாளி ஒடனே சேத்துக்கினாரு. ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லி, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். வெங்கடராகவன் மெமோவைக் கிழித்துவிட்டார். மாவட்டத்திலேயே இத்திட்டத்தின் மூலம் ஒரு மாணவிக்கு வேலை கிடைத்த ஒரே பள்ளி எங்களுடையதாம், உங்கள் ஆபீசுக்கு எழுதிவிட்டார். மேலே நான் கேட்ட எதுவும் இனி வேண்டாம். எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் உங்கள் மேசைக்கு வரும். அதில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், மச்சான்.