கப்பலில் வந்த மோட்டாரும் கோட்டுப் போட்ட மொழிபெயர்ப்பாளரும்

எனக்கு இங்கிலீஷ் தெரிந்ததால் ஓர் ஊருக்கே தண்ணீர் வராமல் போனது. இதை ஒத்துக்கொள்ளவே எனக்குப் பல வருஷம் பிடித்தது. (அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.)

தொண்ணூறுகளின் நடுவில், கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊருக்கு ஓர் ஐரோப்பிய அரசாங்கம் குடிதண்ணீர் தருவதாக வாக்குக் கொடுத்தது. போர்வெல் போட்டார்கள். மேல்நிலைத் தொட்டி எழும்பியது. தொட்டியின் மேல் அவர்கள் நாட்டுக் கொடியையும் வரைந்தார்கள். மோட்டார் மட்டும் அவர்கள் நாட்டில் செய்ததாகத்தான் இருக்க வேண்டுமாம். யாருக்கு? கோயமுத்தூர்க்காரனுக்கு! சந்துக்குச் சந்து மோட்டார் செய்து தேசம் முழுக்க அனுப்புகிற ஊருக்குக் கப்பலில் மோட்டார் வந்து இறங்கியது. பதினோரு நாள் ஓடியது. அப்புறம் எங்கள் கரண்ட் ஒத்துக்கொள்ளாமல் புகைந்துபோனது. உள்ளூர் மெக்கானிக் கை வைக்கக் கூடாது, ஸ்பேர் பார்ட்டும் அங்கிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். வரவே இல்லை. ஆனால் அந்த மோட்டாரின் விலையும் கப்பல் கூலியும் 'ஏழை நாட்டுக்குச் செய்த உதவி' என்று அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டன. அவர்கள் பணம் அவர்கள் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்ததாம், உதவி வாங்கியவர்கள் நாங்களாம்!

சொன்னபடி உதவி போய்ச் சேர்கிறதா என்று அவர்கள் ஊரிலேயே யாரோ கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நேரில் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். நான் இங்கிலீஷ் வாத்தியார் என்பதால் மொழிபெயர்க்க என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். நானும் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு (மே மாதம்!) வெந்து நின்றேன்.

மச்சான் இளநீர் சீவிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே அதிகாரி கேட்டார், "எங்கள் அரசு வாக்கைக் காப்பாற்றியதா?"

ஊரே அக்காவைப் பார்த்தது. தினமும் தோட்டத்துக் கிணற்றுக்கு நாலு நடை நடக்கிறவள். காலிக் குடத்தோடு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, பதினோரு நாளு ஓடுன மோட்டாருக்கு எத்தனை வருசமுங்க பேரு வாங்குவீங்க? அதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க. எங்கூரு மோட்டாரு போதுமுங்க எங்களுக்கு. தண்ணி தாரேன்னு சொல்லிப்போட்டு நீங்க ஏமாத்திட்டீங்க. கண்ணு, அப்படியே சொல்லு!"

அப்படியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்து வியாதி ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்தவர் கை நனைத்துக்கொண்டிருக்கும்போது அவர் முகம் வாடும்படி ஒரு வார்த்தை வாயில் வராது. அக்கா போட்ட 'ங்க'வை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிட்டேன். "உங்கள் மோட்டாரை இந்த அம்மா மறக்கவே மாட்டார். ஊரே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது" என்று அளந்தேன். அந்த மனுஷன் ஸ்விட்சைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. சந்தோஷமாகச் சிரித்து, அக்காவையும் குடத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"ஏன்டா, இத்தனை சொல்லியும் சிரிக்கறாரு?"

"வெள்ளக்காரங்களுக்குக் கோவம் வந்தா அப்படித்தான் அக்கா சிரிப்பாங்க."

அவள் நம்பினாள். அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை.

நாலு மாதம் கழித்து, காலாண்டுத் தேர்வு லீவுக்கு நான் அக்கா வீட்டில் இருந்தபோது, பஞ்சாயத்துக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தது. படித்துச் சொல்ல மறுபடியும் நான்தான். இந்த முறை ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. "மக்களின் மனநிறைவை நேரில் கண்டோம். எங்கள் வாக்கு முழுமையாக நிறைவேறியது. மேற்கொண்டு உதவி தேவைப்படாது." கூடவே அக்காவின் போட்டோ. அடியில், 'தண்ணீர் பெற்ற பெண்'.

"மனநிறைவா? ஆருக்குடா?"

உண்மையைச் சொன்னேன். அக்கா குடத்தை என் கையில் திணித்தாள். "போய் எடுத்துட்டு வா."

அந்த லீவு முழுக்க அக்கா வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தேன். லீவு முடிந்ததும் அவளே சுமந்தாள். உள்ளூர் மோட்டாரும் தண்ணீரும் வர மேலும் ஆறு வருஷம் ஆனது. அந்த அரசாங்கம் இதற்குள் எத்தனை ஊரில் இப்படி வாக்கைக் காப்பாற்றியதோ, நாசமாய்ப் போகட்டும்.

இன்றும் நான் சாம்பார் நன்றாக இருக்கிறது என்றால் போதும். "நெசமாத்தான் சொல்றயா, இல்ல வெள்ளக்காரனுக்குச் சொன்னயே, அந்த மாதிரியா?" என்பாள் அக்கா. பேரன் பேத்தி வரைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், கோபம் வந்தால் வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று சொன்னேனே, அப்படி.