சீர் வாங்கிக்கொண்டு படையெடுக்கும் நாடு

ஒரு ஊரைப் பற்றி நாலே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானே ஒருமுறை அப்படி எழுதினேன். எழுதின ஊருக்கே மருமகளாகவும் போய்ச் சேர்ந்தேன். அதனால் இந்த எரிச்சலை முழு உரிமையோடு சொல்கிறேன், கேளுங்கள்.

எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டால் வந்த வினை. நாடு பிடிக்கும் விளையாட்டு அது. ஒரு குடிசையில் ஆரம்பித்து, ஊர் கட்டி, வயல் போட்டு, படை சேர்த்து, பக்கத்து நாட்டோடு உறவோ சண்டையோ வைத்துக்கொண்டு, கடைசியில் ராக்கெட் விடுகிற வரைக்கும் போகலாம். உலகத்து நாடுகள் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ராஜா முகம், ஒரு சிறப்புப் படை, ஒரு சிறப்புக் கட்டடம், ஒரு குணம். அவ்வளவுதான், தேசம் முடிந்தது.

நமக்கு அதில் கிடைத்தது யானை, மிளகு, கும்பிட்ட கை. சேரன், சோழன், பாண்டியன், டெல்லிக்காரன் எல்லோரையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி, பின்னால் சிதார் வாசித்திருந்தார்கள். நாம் புது ஊர் கட்டினால் விளையாட்டே அதற்குப் பெயர் வைக்கும். ஒருநாள் பனி கொட்டுகிற துருவப் பக்கத்தில் ஒரு ஊர் கட்டினேன். மதுரை என்று பெயர் வந்தது. பனிக்கு நடுவில் மதுரை, வாசலில் ஒரு யானை! (அந்த யானையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.) மற்ற நாடுகளுக்கும் இதே கதிதான். ஒரு நாடு எப்போது பார்த்தாலும் கொள்ளையடிக்கும். இன்னொன்று எப்போது பார்த்தாலும் வியாபாரம் பேசும்.

“இத்தனை நூற்றாண்டுல அந்த நாட்டுக்காரன் ஒருத்தன்கூடவா சும்மா உக்காந்து டீ குடிச்சிருக்க மாட்டான்?” என்று ஆபீசில் கத்துவேன். அஸ்தம்பட்டியில், அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லைச் சரிபார்க்கிற ஆபீஸ் அது. நான் கத்துவதைக் கேட்கிற பாக்கியம் பக்கத்து சீட் பூபதிக்கு. பரமத்தி வேலூர்க்காரன். அவனும் அதே விளையாட்டுப் பைத்தியம். அவனுக்கும் எனக்கும் இடையில் விளையாட்டைத் தாண்டியும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஆபீஸே அறியும், இரண்டு வீட்டுக்காரர்களைத் தவிர.

“இவ்வளவு கோவம் இருந்தா நீயே ஒரு நாடு பண்ணிக்கோ தாயே, என் காது கிழியுது” என்றான் ஒருநாள்.

பண்ணினேன். விளையாடுகிறவர்களே புது நாடு சேர்த்துக்கொள்ள அதில் வசதி உண்டு. எங்கள் ஊர் சேந்தமங்கலம், கொல்லிமலை அடிவாரம். ஆகவே கொல்லிமலை நாடு. சிறப்புப் படை வில்லாளிகள். தேனும் பலாவும் தட்டில்லாமல் விளையும். எதிரி மலையேறினால் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் தலைசுற்றி பாதிப் பலம் போய்விடும். (அந்தக் காலத்தில் ஏது கொண்டை ஊசி வளைவு என்று பூபதி கேட்டான். பனியில் மதுரை இருக்கலாம், இது இருக்கக்கூடாதா என்று வாயை அடைத்தேன்.) பழைய அரசனின் முகம் யாருக்குத் தெரியும்? கையில் இருந்தது அப்பாவின் முகம். கோழிப்பண்ணையில் எடுத்த போட்டோ ஒன்றில் கிரீடம் ஒட்டினேன். உற்றுப் பார்த்தால் ராஜாவின் சட்டைப் பையில் பேனா தெரியும்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. லேப்டாப்பை டிவியில் மாட்டுவது எப்படி என்று தானே கற்றுக்கொண்டு, தீவன ஏஜென்ட், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்று வீட்டுப்படி ஏறிய அத்தனை பேருக்கும் தன் ராஜ்ஜியத்தைக் காட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் பூபதி அந்த வேலையைச் செய்தான். இருவரும் ஆளுக்கு ஒரு நாடாக, கூட்டணி போட்டு ஆடிக்கொண்டிருந்தோம். அவன் நாட்டில் பஞ்சம் என்றான். நெல் அனுப்பினேன். குதிரை இல்லை என்றான், அதையும் அனுப்பினேன். என் வில்லாளிகளை நம்பிக்கையோடு வேறு எல்லைக்கு அனுப்பிய நேரம் பார்த்து, நான் கொடுத்த குதிரையிலேயே வந்து என் தலைநகரத்தைப் பிடித்தான். கேட்டால், “விளையாட்டுதானே?” என்று சிரிக்கிறான்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சையே நிறுத்திவிட்டு, அந்த வார லீவில் உட்கார்ந்து இன்னொரு நாடு பண்ணினேன். பெயர்: பரமத்தி வேலூர். சிறப்புக் கட்டடம்: வெற்றிலைக் கொடிக்கால். சிறப்புப் படை: வாழைத்தார் வீரர்கள், முதுகுப் பக்கமாக அடித்தால் இரட்டிப்புப் பலம். குணம்: நம்பக்கூடாது. சீர் வாங்கிக்கொள்ளும். விருந்து செரிக்கும் முன் படையெடுக்கும். ராஜா முகத்துக்குப் பூபதியின் போட்டோவை வைத்து, காது வரைக்கும் ஒரு முறுக்கு மீசை வரைந்தேன். மனசு ஆறியது. பிறகு அவன் மன்னிப்புக் கேட்டான், சமாதானம் ஆனோம். நாட்டை அழிக்க மறந்துபோனேன்.

சில மாதங்கள் ஓடின. வீட்டில் விஷயத்தைச் சொல்லி, சம்மதிக்க வைப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பூபதியின் அப்பா ஒருவழியாக இறங்கி வந்தார். அவன் அம்மா மட்டும், “வந்து பாக்கறோம். மனசுக்குப் புடிக்கலீன்னா காபியக் குடிச்சிப்போட்டுக் கெளம்பீருவோம்” என்று சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேந்தமங்கலம் வந்தார்கள்.

பூபதியின் அப்பா கார் கதவைத் திறந்து இறங்கினார். காது வரைக்கும் முறுக்கு மீசை! மகன் முகத்தில் நான் எதை வரைந்தேனோ, அது அச்சு அசலாக எங்கள் வாசலில் நடந்து வந்துகொண்டிருந்தது. (அப்பாவின் போட்டோகூடக் காட்டாமல் காதலித்தவனை என்ன சொல்வது?)

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கொடிக்கால் எப்படி, முட்டை விலை எப்படி என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். அவன் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார். நான் சமையலறையில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போது அப்பாவின் குரல் கேட்டது.

“ஏனுங்க, எங்க பாப்பா கம்ப்யூட்டர்ல ஒரு கேம் பண்ணியிருக்குதுங்க. நம்ம கொல்லிமலையே உள்ளார இருக்குதுங்க. பாக்கறீங்ளா?”

“மலையே இருக்குதுங்ளா? அப்பப் போடுங்க, பாப்போம்!” என்றார் பூபதியின் அப்பா.

டிவியிலிருந்து போர் முரசு கேட்டது. நான் தட்டோடு ஓடி வந்தேன். “அப்பா, அது இப்ப வேண்டாம்ங்கப்பா, ரிப்பேரா இருக்குது” என்றேன். “நேத்துக்கூட ஆடினனே சாமி, நல்லாத்தான் இருக்குது” என்றார். பூபதியைப் பார்த்தேன். அவன் சுவரில் தொங்கிய தீவனக் கம்பெனி காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். (எமகண்டம் எப்போது முடியும் என்று பார்த்தானாம்.)

மாமாவை (அன்றைக்கு மாமா, அத்தை என்று கூப்பிடும் உரிமை இல்லை, ஆனாலும் அப்படியே சொல்கிறேன்) கொல்லிமலை ராஜாவாக உட்கார வைத்து மவுஸைக் கையில் கொடுத்தார் அப்பா. நாலு சுற்றுக்குள் பக்கத்து நாடு எதிர்ப்பட்டது. திரை முழுக்க அந்த முகம், கீழே ‘பரமத்தி வேலூர்’.

“அட, எங்கூரு! இங்க பாரு, ராசா மீசையப் பாரு, என்னையாட்டவே இருக்குது!” மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தைகூட முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அம்மிணி, எங்களுக்காகவேவா பண்ணுன?”

ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்யும் இல்லையே!

“படைய அனுப்பி அடிங்க, நெலம் கெடைக்கும்” என்று அப்பா யோசனை சொன்னார்.

“என்னங்க நீங்க, நல்ல காரியம் பேச வந்த எடத்துல சொந்த ஊரு மேல அம்பு உடறதுங்ளா? மொதல்ல சீர் அனுப்போணும்ங்க.”

அனுப்பினார். நெல் போனது. தேன் போனது. பலாப்பழம் வண்டி வண்டியாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் திரையில் மீசை ராஜா நன்றி சொன்னார், இவரும் பதிலுக்குக் கும்பிட்டார். சாப்பாடு ஆறுகிறது என்றேன். “இருக்கட்டும் அம்மிணி, சம்பந்தம் பேசிட்டு வாரேன்” என்று இளவரசியையும் கட்டிக்கொடுத்தார். கரண்டாவது போகாதா என்று வேண்டினேன். அன்றைக்கென்று பார்த்து கரண்ட் குத்துக்கல்லாட்டம் நின்றது. அந்தப் பக்கம் போகிற சாக்கில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். பேட்டரியில் ஓடியது. பதற்றத்தில் இருப்பவளுக்கு மூளை வேலை செய்யாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முரசு மாறியது. ‘பரமத்தி வேலூர் உங்கள் மீது போர் தொடுத்தது.’

“இல்லீங்க, நான் என்னமோ தப்பா அமுக்கிப்போட்டேன்” என்றார் மாமா. அதற்குள் வாழைத்தார் வீரர்கள் முதுகுப் பக்கமாக வந்து தலைநகரத்தில் நின்றார்கள். “பொண்ணுக் குடுத்திருக்கறனுங்க! பலாப்பழம் இன்னும் தின்னு முடிச்சிருக்க மாட்டானுங்க!” அவர் குரலில் நிஜமான வலி.

என்னைப் பெற்ற புண்ணியவான் சும்மா இருந்தாரா? “இருங்க, ஏன்னு பாப்போம், எல்லாத்துக்கும் பாப்பா வெளக்கம் எழுதியிருக்கும்” என்று அந்த நாட்டின் குணத்தைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சத்தமாக வாசித்தார்.

“குணம். நம்பக்கூடாது. சீர் வாங்கிக்கொள்ளும். விருந்து... செரிக்கும் முன்...”

அப்பா நிறுத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது. விருந்து பக்கத்து அறையில் இலை போட்டுக் காத்திருந்தது.

“இதை ஆருங்க எழுதுனது?” என்றார் மாமா மெதுவாக.

“அது கம்ப்யூட்டரே எழுதிக்கும்ங்க” என்றேன்.

“இல்லீங்க, ஒரு எழுத்து உடாம எல்லாமே பாப்பாதான்” என்றார் அப்பா. அவரால் அந்த நேரத்திலும் மகளின் பெருமையை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

அத்தை காபி டம்ளரை எடுத்தார். மிச்சம் இருந்ததை ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். “கெளம்பலாங்க.”

எத்தனை மாதம் கெஞ்சி, அழுது, சண்டை போட்டுக் கொண்டுவந்து சேர்த்த நாள் அது! ஒரு வாழைத்தார் வீரனால் போகிறதே என்று நினைத்தபோது எனக்குக் கண்ணீருக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது.

“உங்க மகனைக் கேளுங்க!” என்று கத்தினேன். “நெல்லு குடுத்தேன், குதிரை குடுத்தேன். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு என்ற ஆளுங்க இல்லாத நேரம் பாத்து என்ற தலைநகரத்தைப் புடிச்சது அவருங்க! அந்தக் கோவத்துலதான் எழுதினேன்!”

மாமா மகன் பக்கம் திரும்பினார். மீசை துடித்தது. “ஏன்டா, நெசமா?”

“விளையாட்டுதானுங்கப்பா...”

“வாங்கித் தின்னுட்டு முதுகுல குத்துறது வெளையாட்டாடா? நீ ஒருத்தன் பண்ணுன வேலைக்கு ஊரு பேரே போச்சேடா!” என்று ஒரு பாட்டம் பொழிந்துவிட்டு என்னிடம் வந்தார். “அம்மிணி, அவன் பண்ணுனதுக்கு அவன் பேரைப் போட்டிருக்கோணும். ஊருப் பேரை எதுக்குச் சாமி போட்ட? நாங்கெல்லாம் என்ன பண்ணுனோம்?”

விளையாட்டைப் பண்ணின வெளிநாட்டுக்காரனைப் பிடித்து உலுக்கிக் கேட்க நினைத்த கேள்வியை, பட்டுச்சேலையில் நின்றுகொண்டு நான் வாங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. “தப்புதானுங்க, இப்பவே மாத்தீர்றேன்” என்றேன்.

“மாத்து. நான் சொல்றேன், நீ எழுது” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

காவிரி என்றைக்கும் வற்றாது. வந்தவனைச் சாப்பிடாமல் இந்த ஊர் அனுப்பாது. அதன் வெற்றிலை போட்டவன் பிறகு சண்டை நினைக்க மாட்டான். எழுதினேன். “அப்ப எங்க மலைக்கு?” என்று அப்பா கிளம்பினார். எங்கள் தேனைக் குடித்தவனுக்குச் சாவே இல்லை என்று எழுதச் சொன்னார். அவர் ஒன்று ஏற்ற, இவர் ஒன்று ஏற்ற, மாட்டுச் சந்தை தோற்றது. நான் தட்டித் தட்டி விரல் தேய்ந்தேன். அத்தை மட்டும் கைப்பையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏன் அம்மிணி,” என்றார் திடீரென்று. “எம்பட பொறந்த ஊரு கரூரு. சேரனுக்குத் தலைநகரம்னு சொல்லுவாங்க. அதுக்கு ஒரு நாடு போடலியா?”

“இல்லீங்களே...”

“இவங்களுக்கு மட்டும் இத்தனை எழுதற?” கைப்பையைச் சோபாவில் வைத்தார். “எழுது. கரூர்க்காரி ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். அதை மொதல்ல போடு.”

கரூரை முடித்தபோது இலையில் வைத்த அப்பளம் நமுத்துவிட்டது. அந்த அப்பளத்தைத் தின்றுகொண்டே தேதி குறித்தார்கள்.

இப்போது அந்த விளையாட்டை யாராலும் விளையாட முடியாது. யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள், யாரும் சாக மாட்டார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பரமத்தி வேலூரில் என் மாமனார் வீட்டுத் தெருவில் என்னிடம் எல்லோரும் மரியாதையாகவே பேசுகிறார்கள். அந்தப் பொண்ணுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே குணம் எழுதிவிடும் என்று ஒரு பேச்சாம். (கிளப்பிவிட்டது யார் என்று தெரியும். காலண்டர் படித்தவர்தான்.)

கல்யாண மேடையில் அப்பா சீர்த்தட்டை நீட்டினார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மண்டபமே கேட்கும்படி சொன்னார்: “வாங்கிக்கறோம்ங்க சம்பந்தி. விருந்து செரிக்கட்டும், படையோட வாரோம்.”

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. “வாங்க சம்பந்தி. எழுபது வளைவு இருக்குது, பாத்து மெதுவா வாங்க.”

வளைகாப்பு, பெயர் வைப்பு, பொங்கல் என்று எந்தத் தட்டு கைமாறினாலும் இதே வசனம்தான். வீடியோக்காரர் கேமராவை இறக்காமல் காத்திருக்கிறார். போன மாதம் மகளுக்குக் காது குத்தினோம். தட்டை வாங்கிய மாமா ஏதோ யோசனையில் வசனத்தை மறந்துவிட்டார். அப்பா தட்டை விடவே இல்லை. ஒரு முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கவலையோடு அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க சம்பந்தி, படை வருலீங்ளா? எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்ளா?”