வையம்பட்டித் தேர்வில் தேறிய மடிக்கணினி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பாரத தேசம் முழுவதையும் சுற்றிவரப் பெட்டி கட்டி, வாரந்தோறும் தெருவே திரண்டு வழியனுப்ப முறைப்படி புறப்பட்டு, எங்கள் மாவட்டத்து வையம்பட்டியைத் தாண்டாமலே பெரும்பயணி என்று பெயர் வாங்கியவர் இப்பூவுலகில் ஒருவரே. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அவருக்கு ‘ஒத்திகை சார்’ என்று பெயர். பெற்றோர் இட்ட பெயர் மின்சார அட்டையில் மட்டுமே புழக்கத்தில் இருக்கிறது.

மிக்சி, மோட்டார் பம்பு முதலியவற்றுடன் வரும் ஆங்கிலக் கையேடுகளைத் தமிழாக்கித் தருவது அவர் தொழில். ‘ஈரக்கையால் தொடாதீர்’ என்று தாங்கள் எங்கேனும் படித்துக் கையை இழுத்துக்கொண்டிருந்தால், அந்தப் புண்ணியம் அவரைச் சேர்ந்ததாக இருக்கலாம். அன்றாடம் கணினி முன் அமர்ந்தே தீரவேண்டிய வேலை. அவர் மனைவி பணி ஓய்வு பெற்ற டீச்சர். காலமெல்லாம் பூகோளம் நடத்தியும் பனியைக் கண்ணால் கண்டதில்லை என்பது அந்த அம்மையாரின் ஒரே குறை. ஊருக்கு ஒரு மாதமாகத் தங்கித் தங்கி வடக்கே பனிமலை வரை செல்வது, சார் போகிற இடத்திலிருந்தே வேலை பார்ப்பது என்பது திட்டம்.

அடியேன் தையற்காரன். பயணப்பைக்கு அளவு சொல்ல இருவரும் என் கடைக்கு வந்தபோதே டீச்சர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“முழங்கால் இந்த வருஷம் சொன்ன பேச்சு கேக்குதுங்க. அடுத்த வருஷம் கேக்கும்னு நான் உறுதி குடுக்க மாட்டேன்.”

எந்தக் கணினியைக் கொண்டுசெல்வது? அவ்விடத்தில்தான் தேர் நிலைகொண்டுவிட்டது. கையேடு எழுதுபவருக்குக் கையேட்டின்மேல் நம்பிக்கை இருக்குமா? “வீட்டு மேஜை மேல எல்லாமே நல்லாத்தாங்க ஓடும். பஸ்ல ஓடுதா? அதைச் சொல்லச் சொல்லுங்க” என்பார். ஆகவே கடையில் வாங்கியதும் நண்பரிடம் இரவல் பெற்றதுமாகக் கணினிகளை மாற்றி மாற்றி, ஞாயிறுதோறும் முழு மூட்டையுடன் ஓர் ஒத்திகைப் பயணம் புறப்படலானார். மனைவியும் உடன் செல்வார். ஒத்திகை என்றால் முழு ஒத்திகை.

முதல் ஞாயிறன்று எதிர்வீட்டுப் பத்மா மாமி, நல்ல சகுனமாக நிறைகுடத்துடன் அவர்கள் எதிரே நடந்து வந்தார். மாமியின் கண் கலங்கியது. அன்று மாலையே அவர்கள் திரும்பிவிட்டார்கள். அடுத்த வாரம் குடம் சொம்பாயிற்று. சொம்பு டம்ளராயிற்று. பின்பு மாமி மாடி ஜன்னலிலிருந்தே தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக் காட்டலானார்.

“இன்னிக்காவது நெஜமா கெளம்பறேளா, இல்லே இதுவும் ஒத்திகையா?”

“ஒத்திகைதான் மாமி. சார்ஜர் சூடாகுது.”

ஆட்டோ ஓட்டும் பஷீர் அதற்கும் மேலே போனார். ஜங்ஷனில் இறக்கிவிட்டதும், “ரிட்டர்ன் சாயங்காலம்தானே சார்? வழக்கமான எடத்துலயே நிக்கிறேன்” என்று விடைபெறுவார்.

முதலில் தேர்வுக்குச் சென்றது அகன்ற திரை உடைய பெரிய கணினி. அவர் கண்ணுக்கு அது மிகவும் இதம். ஆயின் வையம்பட்டிப் பேருந்தில் அதைத் திறந்தபோது, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நிற்க நேர்ந்தது. “பெரியவரே, டிக்கெட் உங்களுக்கு மட்டுமா, இந்த டிவிக்கும் சேர்த்தா?” என்றார் நடத்துநர். பின்னர் தகடு போன்ற டேப்லெட் ஒன்றும், அதற்கு மடக்கு விசைப்பலகையும் வந்தன. சப்பாத்தி மாவைத் தட்டுவது போல் இருப்பதாக டீச்சர் தீர்ப்பளித்தார்.

ஜீயபுரத்தில் வெயில் சோதனை. ஆற்றங்கரை வெளிச்சத்தில் திரையில் அவர் முகமே தெரிந்ததேயன்றி எழுத்துத் தெரியவில்லை. மாற்று வேட்டியை எடுத்துத் தலையோடு கணினியையும் மூடிக்கொண்டு தட்டச்சுச் செய்தார். வாழைத்தோப்பிலிருந்து ஒருவர் ஓடி வந்தாராம்.

“ஏங்க, சளியா? ஆவி புடிக்க ஆத்தங்கரைக்கா வருவாங்க?”

இவற்றினின்று சில விதிகள் பிறந்தன. வையம்பட்டி செல்போன் கடையில் கிடைக்காத வயர் பைக்குள் ஏறக்கூடாது. போனுக்கும் கணினிக்கும் ஒரே சார்ஜர். செய்த வேலையின் பிரதி, பென்டிரைவில் டீச்சரின் கைப்பைக்குள் இருக்க வேண்டும். ஒரு பை தொலைந்தால் மற்றது வாழும். விதிக்கொரு பாக்கெட் வீதம் நான் திங்கட்கிழமைதோறும் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். பைத்துணி வலைபோல் ஆயிற்று.

ஒரு ஞாயிறு மாலை, சார்ஜர் பாக்கெட்டை மாற்ற நேரே என் கடை வாசலில் வந்து நின்றது ஆட்டோ. சார் இறங்கிவிட்டார். டீச்சரால் இறங்க முடியவில்லை. ஜங்ஷன் படிக்கட்டில் ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கியிருந்தது.

“எல்லாத்தையும் சோதிச்சீங்க. பஸ்ல சோதிச்சீங்க, வெயில்ல சோதிச்சீங்க. என் முழங்காலை ஒரு தடவையாவது சோதிச்சீங்களா?”

அவர் குரல் உயரவில்லை. பஷீர் எஞ்சினை அணைத்தார். சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டீச்சருக்குக் கை கொடுத்தார்.

மறுநாள் சார் தனியே வந்து, காய்கறிக் கடைக்கு என்னையும் அழைத்துச் சென்றார். கருணைக்கிழங்கை இறக்கச் சொல்லி, தராசின் ஒரு தட்டில் அந்தப் பெரிய கணினியை வைத்தார். மறு தட்டில் வையம்பட்டித் தேர்வில் தேறிய சிறிய கணினி ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு மடக்கு ஸ்டூலையும் ஏற்றினார். முள் நடுவில் நின்றது.

“சின்னதையே எடுத்துக்கிறேங்க. மிச்ச எடை ஸ்டூலுக்கு. எங்க வலிச்சாலும் அவ அங்கயே உக்காரட்டும்.”

“சார், எழுத்து பொடிசா தெரியுமே?”

“என் கண்ணுக்குக் கண்ணாடி இருக்கு. அவ காலுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?”

எல்லாப் பாக்கெட்டுகளையும் பிரித்துவிட்டு, ஸ்டூல் மாட்ட இரண்டு பட்டைகள் மட்டும் தைத்தேன். இதுவும் இன்னொரு சோதனைக்கென்றே எண்ணினேன்.

வீக்கம் வடிந்த பின் வந்த ஞாயிறன்று அவர்கள் புறப்பட்டார்கள். மாமி ஜன்னலில் பாட்டிலைக் காட்டினார்; செடிக்குத் தண்ணீர் விடச் சாவி கொடுத்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஊசியில் நூல் கோத்தபடியே தலையசைத்தேன். மாலையில் பஷீர் வழக்கமான இடத்தில் நின்றார். பொழுது சாய்ந்தது. மாமி போட்ட காபி ஆறியது. ஆட்டோ காலியாகத் தெருவுக்குள் வந்தபோது பஷீரின் போன் ஒலித்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

“பஷீர், நீங்க வீட்டுக்குப் போங்க. விழுப்புரம் தாண்டியாச்சு.”

“என்ன சார் ரிப்பேர்?”

“ஒண்ணும் ரிப்பேர் இல்லைங்க. அதான் திரும்பலை.”

மாமி குடத்தை எடுக்க உள்ளே ஓடினார்; பாதி வழியில் நின்றுவிட்டார்.

சென்ற வாரம் ஒரு படம் வந்தது. வெள்ளை வெளேரென்ற பனியில், ஸ்டூலில் மகாராணி போல் டீச்சர் அமர்ந்திருக்கிறார். பின்னால் ஒரு பாறைமேல் வேட்டி போர்த்திய குவியல் ஒன்று. பனி வெளிச்சத்தின் கூச்சத்தில் திரை தெரியவில்லை போலும்.

பத்மா மாமி இப்போது வெள்ளிதோறும் அக்குடத்தைப் புளியிட்டுத் துலக்குகிறார். ஞாயிறு மாலைகளில் பஷீரின் ஆட்டோ ஜங்ஷனில் நிற்கிறது. கேட்டால், “சும்மா, சவாரி இருந்துச்சுண்ணே” என்கிறார். நான் அந்தப் பட்டையின் மீதித்துணியை வேறெதற்கும் வெட்டவில்லை.

அவர்கள் திரும்பி வந்து படிக்கும்வரை, இக்கடிதம் வெளிவரும் இவ்விதழின் ஒரு பிரதியைத் தங்களில் எவரேனும் எடுத்து வைத்திருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.