கறை படியாத டயப்பர்

அன்பர்களே, உங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணியை என்றேனும் நின்று பார்த்ததுண்டா? பார்த்திருந்தால், அதைத் துவைத்த கை எது என்று உங்கள் நெஞ்சைக் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. கேளாதவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், கேட்டுத் திருந்துங்கள்.

நான் ஒரு மாத இதழில் அறநெறிக் கட்டுரை எழுதுபவன். உலகம் இன்னும் திருந்தவில்லை. கட்டுரை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். பிள்ளைப்பேற்று விடுப்பு முடியும் வாரத்தில், எங்கள் மகளை இடுப்பில் ஏந்தியபடி என் எழுத்தறை வாசலில் வந்து நின்றாள். அறையை அவள் அளந்த விதம், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல் இருந்தது.

"ஏங்க, நான் வேலைக்குப் போனா குட்டியை யாரு பாத்துக்கறது?"

"நான்தான் வீட்டுலயே இருக்கேனே."

"இருக்கீங்க. அது தெரியும். பாத்துப்பீங்களான்னு கேட்டேன்."

"இது என்ன கேள்வி?"

"எதுக்கும் அம்மாவை வரச் சொல்லிடலாம்னு பாக்கறேன். இந்த அறையை மட்டும் காலி பண்ணிக் கொடுங்க. உங்க மேசையைச் சமையலறையில போட்டுக்கலாம்."

"சமையலறையில உக்காந்து அறம் எழுத முடியுமா?"

"மிக்ஸி ஓடாத நேரத்துல எழுதுங்க."

எழுத்தறையை இழக்கப்போகும் எழுத்தாளனுக்கு வரும் வீரம் போர்க்களத்தில்கூட வராது. நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அத்தை வர வேண்டாம். குட்டியை நானே வளர்க்கறேன். அதுவும் எப்படி? கடை டயப்பர் ஒண்ணுகூட இந்த வீட்டுக்குள்ள வராது! எல்லாம் பருத்தித் துணி. பிள்ளை தோலுக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது."

"துவைக்கறது யாரு?"

"பெற்ற தகப்பன் துவைப்பான்!"

சொற்கள் வாயை விட்டுப் போன பிறகுதான் அவை என்னைப் பற்றியவை என்பது புரிந்தது. அவளோ அலமாரியைத் திறந்தாள். உள்ளே, ஓரம் தைத்து மடித்த வெள்ளைப் பருத்தித் துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. யார் தைத்தது, எப்போது தைத்தது என்று கேட்கத் தோன்றாத மூடன் நான்.

"சரி. ஆனா ஒண்ணு. கடை டயப்பர் ஒண்ணைக் கண்ணுல பாத்தேன்னா, மறுநாளே அம்மா வருவாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் கூடியிருந்தவர்களுக்கு நான் ஓர் உரை நிகழ்த்தினேன். அதில் ஒரு கதையும் சொன்னேன். ஒரு மன்னன் வெண்ணிற அங்கி அணிந்திருந்தான். அதில் ஒரு புள்ளி அழுக்கும் இல்லை. அவனுடைய தோட்டக்காரன் அங்கியில் மண்ணும் பச்சைக் கறையும் அப்பியிருந்தன. ஊரார் மன்னனைப் புகழ்ந்தார்கள். அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: "அழுக்கே படலன்னா, அந்த அங்கி இதுவரைக்கும் என்னதான் வேலை செஞ்சுது?" கைதட்டல் எழுந்தது. என் மனைவியும் தட்டினாள். அவள் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினாள்.

எதிர்வீட்டு நீச்சல் மாஸ்டர் கண்கலங்கிவிட்டார். அவருக்கு இரட்டைக் குழந்தைகள். குளத்தின் மறுகரைக்குக் கட்டளையிட்டுப் பழகிய குரலில், "சார், இன்னிலேருந்து எங்க வீட்டுலயும் துணிதான்!" என்று முழங்கினார். என் பேச்சைக் கேட்டு மாறிய முதல் மனிதர் அவர். அவர் மாறாமலே இருந்திருக்கலாம்.

மனைவி வேலைக்குப் போனாள். அன்பர்களே, குழந்தை என்பது ஒரு மலர் என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அது ஊற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு துணியைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த துணிக்கு அழைப்பு வந்தது. நனைத்தவை ஒரு வாளி, அலசியவை ஒரு வாளி, என்னவென்று நான் பார்க்க விரும்பாதவை மற்றொரு வாளி. அன்று நான் எழுதிய கட்டுரை தலைப்போடு நின்றது. தலைப்பு, 'பொறுமை'.

மறுநாளே தெருமுனைக் கடைக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பெரிய டயப்பர் பொட்டலம் வாங்கினேன். எளிய வாழ்வைப் பற்றி நான் எழுதி, விற்காமல் தேங்கிய நூற்பிரதிகளுக்குப் பின்னால் அதை ஒளித்தேன். அந்த நூல்களை எவரும் தொடமாட்டார்கள் என்பதை நீண்ட அனுபவம் எனக்கு உணர்த்தியிருந்தது. மனைவி கிளம்பியதும் கடை டயப்பர். அவள் திரும்புமுன் துணி. பயன்படுத்தியவற்றைப் பையில் கட்டிக்கொண்டு மாலை உலா சென்று தெருத்தொட்டியில் சேர்த்தேன்.

இத்தோடு நின்றிருக்கலாம். நான் கலைஞன், நிற்கவில்லை. நாள்தோறும் அலமாரியிலிருந்து தூய துணிகளை எடுத்து, வாளியில் முக்கி, பிழிந்து, மொட்டை மாடிக் கொடியில் வரிசையாகக் காயப்போட்டேன். அவை வெயிலில் பளபளவென்று ஆடின.

"ஏங்க, தினமும் நடக்கப் போறீங்களே, உடம்பு நல்லாத் தேறிடுச்சு," என்றாள் மனைவி.

"உழைப்பும்மா, உழைப்பு."

"கொடியைப் பாத்தேன். துணியெல்லாம் என்னமா வெளுத்திருக்கு!"

"மனசு வெள்ளையா இருந்தா துணியும் வெள்ளையா இருக்கும்."

"ஆமாங்க," என்றாள். அவள் சிரித்ததை அன்பென்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை கதவு இடிபட்டது. திறந்தால், இரு கையிலும் மூடிபோட்ட வாளிகளோடு நீச்சல் மாஸ்டர்.

"சார், தோத்துட்டேன் சார்! எத்தனை தேய்ச்சாலும் மஞ்சக் கறை போகல. உங்க துணியைப் பாத்தா கடையில வாங்கின மாதிரியே இருக்கு. அக்காவைக் கேட்டேன். 'அவர்கிட்ட ஒரு ரகசியம் இருக்கு, எனக்கே சொல்ல மாட்டேங்கறார், நீங்களே கேட்டுப் பாருங்க'ன்னாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குழந்தையைப் பார்த்தாள்.

"இல்லை மாஸ்டர், அது வந்து... பெரிசா ஒண்ணும் இல்லை..."

"அடக்கம் சார் உங்களுக்கு!"

"கத்துக் கொடுங்களேன், பாவம்," என்றாள் மனைவி. "மாடியில எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

"எல்லாருமா?"

"உங்க பேச்சுக்கு வந்தவங்கதான். சோப்பு, பிரஷ் எல்லாம் எடுத்து வச்சுட்டேன். குட்டியோட இன்னிக் காலைத் துணியும் இருக்கு."

மாடிக் குழாயடியில் நான் குந்தி அமர்ந்தேன். சுற்றிலும் குடியிருப்பே நின்றது. வாளியின் மூடி திறந்தது. அன்பர்களே, இரட்டைக் குழந்தைகள் எதையும் தனித்தனியே செய்வதில்லை. நான் அலசினேன், தேய்த்தேன், கசக்கினேன், மீண்டும் தேய்த்தேன். வாழ்வில் முதன்முறையாக உண்மையாகவே துவைத்தேன். கறை மங்கியதே தவிர மறையவில்லை.

"சார், மஞ்சள் அப்படியே நிக்குதே?"

"நிக்கும் மாஸ்டர்," என்றாள் மனைவி அமைதியாக. "பால் குடிக்கற பிள்ளை துணி அப்படித்தான். ஈரத்தோட வெயில்ல போடுங்க, மெல்ல மெல்லப் போகும். துளிகூடக் கறை இல்லன்னா..." இங்கே என் பக்கம் திரும்பினாள். "அந்தத் துணி இதுவரைக்கும் என்னதான் வேலை செஞ்சுது?"

என் கதை, என் சிறுமி, என் கேள்வி. கூட்டம் அதை நயமான மேற்கோள் என்று எண்ணிக் கைதட்டியது. நானும் ஈரக் கையால் தட்டினேன்.

எல்லோரும் இறங்கியபின் நான் தாழ்ந்த குரலில் கேட்டேன்: "எப்பத் தெரியும்?"

"முதல் நாள் கொடியிலயே. கண்ணைப் பரிசோதிக்கறவ நானு. எனக்கே பார்வை இல்லன்னு நினைச்சீங்களா?"

"அந்தப் பொட்டலம்..."

"உங்க புத்தகத்துக்குப் பின்னாடிதானே? அது குட்டிக்குப் பெரிய அளவு; மறுநாளே மாஸ்டர் வீட்டுல கொடுத்துட்டேன், பயணம் போறப்ப ஆகும்னு. நீங்க இத்தனை நாளா எடுத்தது, அதே இடத்துல நான் வாங்கி வச்ச சரியான அளவுப் பொட்டலம். துவைக்க ஆள் பழகற வரைக்கும் பிள்ளை நனைஞ்சு கிடக்கக் கூடாதுல்ல?"

"அத்தை எப்ப வர்றாங்க?"

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "அம்மா எங்க வருவாங்க? அவங்க தையல் பள்ளியை ஒரு நாள் விட்டு வர மாட்டாங்க. இந்தத் துணிக்கெல்லாம் ஓரம் தச்சு அனுப்பினதே அவங்கதான். 'நான் வர்றேன்னு சொல்லிப் பாரு, மாப்பிள்ளை தானாத் துவைப்பார்'னாங்க."

குழந்தையும் சிரித்தது. அது யார் பக்கம் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

இப்போது நான் நாள்தோறும் துவைக்கிறேன். என் மகளுடையதோடு, ஆசான் என்ற முறையில் மாஸ்டர் வீட்டு இரட்டையருடையதையும் துவைக்கிறேன். மகளின் தோலில் ஒரு சிவப்புத் தடிப்பும் இல்லை. அவளைத் துடைத்துப் புதுத் துணி கட்டும்போது என் மூக்கைப் பிடித்து இழுப்பாள்; அந்த இன்பத்தைப் பற்றி இன்னும் நான் கட்டுரை எழுதவில்லை. எழுத்தறையும் என்னுடையதாகவே இருக்கிறது. மழைநாளில் அதன் குறுக்கே கொடிகள் ஓடுகின்றன என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

ஆகவே அன்பர்களே, எழுங்கள். உங்கள் வீட்டு வாளியை இன்றே நாடுங்கள். நாளை என்று தள்ளிப் போட்டால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நான் சொல்வது பாவத்தைப் பற்றி அல்ல. இதோ, மேகம் கறுக்கிறது, மாடியில் மூன்று குழந்தைகளின் துணி தொங்குகிறது, என் மனைவி சமையலறையிலிருந்து "உபதேசம் போதும், ஓடுங்க!" என்கிறாள். இரக்கமுள்ள எவரேனும் இருந்தால் இப்போதே வந்து கொடியின் ஒரு முனையைப் பிடியுங்கள்.