வெள்ளக்கல் மேடேறிய கதை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். (பள்ளிக்கூடமும் சந்தோஷமாகத் திருப்பிப் போட்டது.) அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் சாணார்பட்டிப் பக்கம் ரைஸ் மில் கட்டினேன். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி போட்டேன். பாறை, வெட்டாதே என்று ஊரே சொன்ன இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். திண்டுக்கல்லில் மாடி வீடு. அஞ்சு பிள்ளைகளைக் கரையேற்றினேன். எல்லாம் தனி ஆளாக. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், ஒரு முழு ஊரையே ஒரே காலைப்பொழுதில் தண்ணீருக்குள் முக்கியவனும் நான்தான்.

பஞ்சாயத்து யூனியன் வந்த புதுசு. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பெண்டாட்டி கழுத்தில் கிடந்ததை விற்று (அவளாகத்தான் கழற்றித் தந்தாள், அவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள்) மில் கட்ட ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தேன். அந்த நிலத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. எங்கள் அப்பன் காலத்துப் பெரிய வெள்ளத்தில் தண்ணீர் ஏறி வந்து நின்ற இடத்தில் ஊரார் நட்டது. வெள்ளக்கல் என்போம். ஆடிப் பதினெட்டுக்குப் பெண்கள் அதற்கு மஞ்சள் பூசி, "தாயி, இதுக்கு மேல ஏறிராத" என்று கும்பிடுவார்கள்.

அந்த ஆடியில் ஒரு ஓவர்சியர் வந்து சேர்ந்தார். பழைய ஊர் வரைபடத்தில் ஓடை வேறெங்கோ ஓடுகிறதாம். புதுப்படம் வரைய வேண்டும். வெள்ளம் வரும் இடத்தில் இனிமேல் கட்டடம் கூடாது என்று விதியும் வரப்போகிறது. ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "வெள்ளக்கல் எங்க இருக்கோ, அதை வச்சுத்தான் எல்லாம்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். கல் என் நிலத்தில் இருந்தால் மில் கிடையாது. மில் இல்லாவிட்டால் அந்த வெறுங்கழுத்தை ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டு சோறு தின்ன வேண்டும். ஆனால் மூளைக்காரனாச்சே! கல் இருந்தால்தானே வம்பு?

மறுநாள் சந்தை. ஊர் காலி. எரு அடிக்க வேண்டுமென்று மாமனார் வீட்டு வண்டியை இரவல் வாங்கினேன். கூட்டாளி சவரிமுத்து கடப்பாரையோடு வந்தான். நெம்பி, உருட்டி, வண்டியில் ஏற்றிவிட்டோம்.

"ஏலே, எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்க?" என்றான்.

"யாருக்கும் நட்டமில்லாத எடமா. அந்தா, பிள்ளையார் கோயில் மேடு. பொறம்போக்குதான."

"அம்புட்டுத் தூரம் எதுக்குடா? செத்தத் தள்ளி ஓடைப்பக்கமே வச்சுருவமா?"

"கூறுகெட்டவனே, அதுவும் என் நிலந்தான்டா!"

(கவனிக்கவும். சரியான திருட்டு யோசனையைச் சொன்னவன் அவன். இடித்துத் தள்ளியவன் நான்.)

அடுத்த நாள் காலையில் ஓவர்சியர் மேட்டில் கல்லைக் கண்டு, அங்கேயே முக்காலி நட்டு, மேலே மட்டம் பார்க்கும் கண்ணாடியைப் பூட்டினார். நானே வலியப் போய் அளவுக்கம்பு பிடிக்கிறேன் என்று நின்றேன். ஆசை, அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

"சுலபம் தம்பி. தண்ணி எங்கயும் ஒரே மட்டமா நிக்கும். இந்தக் கல் இருக்கிற மட்டத்துக்கு ஊர் முழுக்கக் கோடு போட்டா, வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சுன்னு தெரிஞ்சுரும்."

எனக்கு அது புதுத் தகவல்.

முதல் வீட்டில் செம்மண் கோடு என் மார்புக்கு வந்தது. அடுத்ததில் கூரைக்கு. என் மாமியார் வீட்டில் கோடு போட ஓவர்சியர் ஏணி கேட்டார். என் நிலத்துக்கு வந்தபோது, "இங்க ரெண்டு ஆள் மூழ்குற தண்ணி" என்று எழுதிக்கொண்டார். மில் போச்சு. கூடவே ஊரும் போச்சு. கல்லைச் சரிபார்க்க மறுபடி மேட்டுக்கு வந்தோம். சுற்றி நின்ற கூட்டத்தை ஓவர்சியர் ஒரு தடவை மெல்லப் பார்த்தார்.

"இவ்வளவு உசரம் வெள்ளம் வந்திருந்தா ஊர்ல ஒருத்தரும் மிஞ்சியிருக்க முடியாது. அப்ப நீங்கள்லாம் யாரு?"

சாமிக் கல் தானாக மேடேறியிருக்கிறதே என்று மிரண்டு நின்றது கூட்டம். பேச்சை மாற்ற வேண்டுமே! "சார், அந்தக் கண்ணாடிக்குள்ள நான் ஒரு தடவ பாக்கலாங்களா?" என்றேன்.

பார்த்தேன். ஐயோ, என்ன அதிசயம்! அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டுமாம். கூரைகள் கீழே தொங்க, தென்னைகள் வேரை மேலே வைத்து நிற்க, வானத்தில் கால் பதித்து என் மாமியார் பேச்சியம்மாள் மஞ்சள் தட்டோடு வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. எனக்கு நினைவே இல்லை.

கண்ணை எடுத்தேன். நேராகப் பார்த்தாலும் வந்துகொண்டுதான் இருந்தார்.

"ஐயா, மஞ்ச பூசப் போனா அங்கன குழிதான் கெடக்கு. ஆத்தா கோவிச்சுக்கிட்டு மேடேறிட்டாள்னு பொம்பளையெல்லாம் கன்னத்துல போட்டுக்கிறாளுக. நான் குனிஞ்சு தரையப் பாத்தேன். ஆத்தாளுக்கு எதுக்குய்யா வண்டித்தடம்? அதுவும் எடது சக்கரம் நெளிஞ்ச வண்டி. அப்பிடி வண்டி இந்த ஊர்லயே எங்க வீட்டுலதான் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதை கொஞ்சமும் குறையாமல் கேட்டார்: "மாப்ளைக்கு எரு அடிச்சு முடிஞ்சுச்சாக்கும்?"

சவரிமுத்துவைத் தேடினேன். அவனுடைய துண்டு மட்டும் கிடந்தது.

ஓவர்சியர் என்னைப் போலீசில் கொடுக்கவில்லை. கல்லைப் பழைய குழியிலேயே நடவைத்தார். அப்புறம் ஒற்றைக் கல்லை நம்பக்கூடாது என்று, வீடுவீடாகப் போய், "பெரிய வெள்ளத்துல தண்ணி எங்க நின்னுச்சு?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். அத்தனை நாளும் கூலியில்லாமல் கம்பு பிடித்தவன் நான். எனக்கும் ருசி தட்டிவிட்டது. ஒருவர் நெல் குதிரில் ஈரம் ஏறிய அடையாளத்தைக் காட்டினார். இன்னொருவர் கதவின் கறையைக் காட்டினார். எல்லாம் பழைய குழியின் மட்டத்துக்கே வந்து நின்றன. கல்லுக்குக் கீழே கட்டக்கூடாது, மேலே என்றால் மேடை உயர்த்திக் கட்டலாம் என்று விதி வந்தது. கல்லுக்கு மேலே என் நிலம் ஒரு நீளத் துண்டு மிஞ்சியது. அதில்தான் மில் கட்டினேன், ரயில் பெட்டி மாதிரி. அப்புறம் ஒரு ஐப்பசியில் வெள்ளம் வந்து கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. என் மில்லில் ஒரு மூட்டை நனையவில்லை. பெண்டாட்டி கழுத்துக்கும் சங்கிலி திரும்பி வந்தது.

இன்றைக்கும் வீட்டில் மூக்குக்கண்ணாடி காணோம், சாவி காணோம் என்றால் அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவாள்: "மேட்டுல போயிப் பாருங்க."

சொல்லட்டும். இப்போது அந்தப் படத்தை மறுபடி திருத்தப்போகிறார்களாம். ஆபீசில் போய்ப் பழையதைப் பார்த்தேன். கீழ் மூலையில் வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர் எல்லாம் இருக்கிறது. நான் கல்லை நகர்த்தியிராவிட்டால் யார் வீடுவீடாகக் கேட்டிருப்பார்கள்? கம்பு பிடித்த கை யாருடையது? அந்த மூலையில் இன்னும் ரெண்டு விரற்கடை இடம் காலியாக இருக்கிறது. என் பெயரை அங்கே போடுங்கள். போட்டபின் யாரும் அதை நகர்த்தக் கூடாது.